நாக்சோஸில் குசினியுள்ள அறை

கிரேக்கத் தீவுகளில் அறை தேடுகிறவர்கள் முதலில் கடல் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். நான் குசினி இருக்கிறதா என்று பார்த்தேன். வீட்டுக்காரிகள் யன்னலைத் திறந்து நீலக் கடலைக் காட்டிக்கொண்டு நிற்க, நான் அடுப்பைத் திருகிப் பார்த்துக்கொண்டு நின்றேன். சாப்பாட்டுக்கடை போடுவதற்கு இடம் பார்க்க வந்தவள் என்று ஒருத்தியாவது நினைத்திருப்பாள்.

காரணத்தைச் சொல்லாவிட்டால் நீங்களும் என்னை விசரி என்றுதான் நினைப்பீர்கள். என் தங்கை சாந்தியை நான் எட்டு வருடமாகக் காணவில்லை. அவள் இருந்தது ஜெர்மனியில், நான் ரொறொன்ரோவில். தூரம் பெரிய காரணம் இல்லை. அவள் என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். பிழை முழுவதும் என்னுடையது.

வெளிநாட்டுக்குப் போவதற்காக நாங்கள் கொழும்பில் காத்திருந்த காலத்தில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் எனக்கும் சாந்திக்கும் ஓர் அறை. அடுத்த அறையில் தேவன் என்ற பொடியனும் அவனுடைய தாயும். சாந்திக்கும் தேவனுக்கும் விருப்பம் என்று தெரிந்த நாளிலிருந்து நான் முகத்தை நீட்டிக்கொண்டு திரிந்தேன். அவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டார் அவர்கள் வீட்டில் கை நனைப்பதில்லை, ஒரு வாய் சாப்பிடுவதில்லை. வீடு வாசல் எல்லாம் போய், இரண்டு பெட்டியோடு லொட்ஜில் கிடந்த நேரத்திலும் இந்தப் பெருமையை மட்டும் நான் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தேன்.

ஒருநாள் ஊரடங்குச் சட்டம் போட்டார்கள். கடைகள் பூட்டு. ஏஜென்சிக்காரனைப் பார்க்கப் போன தேவன் போன இடத்திலேயே அகப்பட்டுவிட்டான். அன்று பின்னேரம் அவனுடைய தாய் ஒரு கோப்பையில் சாப்பாடு போட்டு, இன்னொரு கோப்பையால் மூடி, எங்கள் கதவைத் தட்டினார். "நாங்கள் சாப்பிட்டிட்டம்" என்று சொல்லி, மூடியைத் திறந்தும் பார்க்காமல் திருப்பிக் கொடுத்தேன். நாங்கள் சாப்பிட்டிருக்கவில்லை. சாந்தி எனக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஜெர்மனியில் அவள் தேவனைக் கட்டினாள். நான் ஒரு வாழ்த்து மட்டைகூட அனுப்பவில்லை. தேவனின் தாய் கொழும்பிலேயே காலமாகிவிட்டார் என்று கேள்விப்பட்ட அன்றுதான் எனக்கு முதன்முதலாக வெட்கம் வந்தது. அதுவரை வராதது எனக்கே ஆச்சரியம். யாரையோ பிடித்துச் சாந்தியின் தொலைபேசி எண்ணை எடுத்து, அழைப்பு அட்டை வாங்கி, மூன்று நாள் கையில் வைத்திருந்துவிட்டு எடுத்தேன்.

"அக்கா, நான் உன்ர வீட்ட வரமாட்டன். நீயும் என்ர வீட்ட வராத" என்றாள். எட்டு வருடத்துக்குப் பிறகு நான் கேட்ட முதல் வசனம் அது. பிறகு, "ஓகஸ்ட்டில நாங்கள் கிரீசுக்குப் போறம். நாக்சோஸ் எண்டு ஒரு தீவு. விருப்பமெண்டால் அங்க வா. முதல் வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கப்பல் துறையில நிப்பம். ஆனா ஒண்டு. என்னோட கதைக்க முதல் நீ அவரோட கதைக்கோணும்" என்றாள்.

தொலைபேசியை வைப்பதற்கு முன்னமே என் திட்டம் முடிந்துவிட்டது. குசினியோடு ஓர் இடம் எடுப்பேன். என் கையால் சமைப்பேன். இருவரையும் இருத்திப் பரிமாறுவேன். என் சோற்றில் அவர்கள் கை நனைத்தால் கோபம் தீர்ந்தது என்று அர்த்தம். சாப்பிடாமல் எழுந்து போனால் எனக்குத் தங்கை இல்லை.

ரொறொன்ரோவில் மில்லிக்கன் என்ற பகுதியில் படச்சட்டங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு வேலை. பக்கத்து மேசையில் வூலா என்ற கிரேக்கப் பெண். நாக்சோஸ் என்றதும் கையிலிருந்த சுத்தியலை வைத்துவிட்டு எனக்கு வகுப்பெடுத்தாள். "முன்கூட்டி அறை ஒன்றும் சொல்லிவைக்காதே. கப்பலால் இறங்கும்போது வீட்டுக்காரிகள் வரிசையாக நிற்பார்கள். யாருடனாவது போ. முதலில் குளியலறைக் குழாயைத் திற. பிறகு கட்டிலில் இரு. யன்னலைக் கடைசியாகப் பார். யன்னலைத்தான் முதலில் காட்டுவார்கள், ஏமாறாதே."

அஜின்கோர்ட்டில் எங்கள் வீட்டில் என் கணவர் தன் பங்குக்கு றைஸ் குக்கரையும் ஒரு மாற்றுச் செருகியையும் பெட்டிக்குள் வைத்தார்.

"கிரீசுக்கு ஆரும் றைஸ் குக்கர் கொண்டு போவினமே?" என்றேன்.

"சோறில்லாமல் நீர் ரெண்டு நாள் நிப்பீரோ? இந்தச் செருகியைக் கொழுவினால் உலகத்தில எங்கயும் வேலை செய்யும். கடைக்காரன் சொன்னவன்" என்றார்.

கடைக்காரன் சொன்னான் என்றால் அவருக்கு அதற்குமேல் விசாரணை இல்லை. அரிசி, மிளகாய்த்தூள், மாசிக்கருவாடு, குக்கர் எல்லாம் வைத்த பிறகு என்னுடைய உடுப்புக்கு ஒரு மூலை மிஞ்சியது.

புதன்கிழமை ஏதென்ஸ் விமான நிலையத்தில் ஓர் அதிகாரி அந்த மிளகாய்த்தூளைப் பிரித்து மணந்து பார்த்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு நேரம் கிடைக்கவில்லை. ஆறு தரம் தும்மினார். ஏழாவதுக்குக் காத்திராமல் என்னைப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

கப்பல் காற்றால் தாமதம். ஓகஸ்ட்டில் அந்தக் கடலில் வடக்கிலிருந்து ஒரு காற்று எழும்புகிறது, நாள் முழுக்க விடாமல் அடிக்கிறது. மேல்தட்டில் எனக்குப் பக்கத்தில் இருந்த கிழவர் ஒருவர் காற்றைத் திட்டிக்கொண்டே வந்தார். அவருடைய மகள் எனக்கு ஆங்கிலத்தில் சொன்னாள்: "அப்பா சொல்கிறார், இந்தக் காற்று இல்லாவிட்டால் தீவு சொர்க்கம், ஆனால் காற்று நின்றால் வெயிலில் செத்துப்போவோமாம்." ரொறொன்ரோவில் பனியைப் பற்றி நாங்கள் பேசுவதும் ஏறக்குறைய இப்படித்தான். திட்டுவோம், வராவிட்டால் கவலைப்படுவோம்.

வூலா சொன்னது அச்சொட்டாக நடந்தது. கப்பலின் வாய் திறந்ததும் எதிரே ஒரு முப்பது பேர், கையில் 'அறைகள்' என்று எழுதிய மட்டைகளோடு, ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு கத்தினார்கள். கோயில் வாசலில் பூக்காரர்கள் மறிப்பது போல மறித்தார்கள். முதலில் இழுத்தவரோடு போனேன். கடற்கரையோரம், நல்ல யன்னல், கீழே டிஸ்கோ. நான் நின்ற ஐந்து நிமிடமும் கட்டில் தானாக ஆடியது. இரண்டாவது இடம் மேலே கோட்டைக்குள், படிகள், படிகள், மேலும் படிகள். யன்னலைப் பார்த்தபோது உண்மையாகவே மூச்சு நின்றது. கடல், கடலுக்கு நடுவில் தனியே நிற்கும் கல் வாசல், வெள்ளை வீடுகள். குசினி இல்லை. அந்த அழகை விட்டுவிட்டுப் படியிறங்க எனக்கு மனமேயில்லை. இறங்கினேன்.

மூன்றாவது மரூலா. ஐம்பத்தைந்து வயதிருக்கும், கட்டையான உருவம், சட்டைப்பையில் எந்நேரமும் சூரியகாந்தி விதை. யன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர்தான் தெரியும், அதனால் அவர் யன்னலைத் திறக்கவேயில்லை. ஆனால் இரண்டு தட்டு மின்னடுப்பு, சட்டி பானை, நான்கு பேர் இருக்கக்கூடிய மேசை எல்லாம் இருந்தன. நான் சம்மதம் என்று தலையை இரண்டு பக்கமும் ஆட்டினேன். எனக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்து அவர் வாடகையைக் குறைத்தார். இன்னொரு தரம் ஆட்டிப் பார்க்கலாமா என்று ஒரு சின்ன ஆசை வந்தது உண்மைதான்.

வியாழக்கிழமை சந்தைக்குப் போனேன். நாக்சோஸ் உருளைக்கிழங்குக்குப் பேர்போன தீவாம். மூட்டை மூட்டையாக வைத்திருந்தார்கள். கிழங்குக்காரர் ஒவ்வொன்றையும் துடைத்துத் துடைத்து என் பையில் போட்டார். கோழி வாங்கினேன், வெங்காயம் வாங்கினேன், கத்தரிக்காய் வாங்கினேன். இரண்டு மணிக்கு ஊரே கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டது. ரொறொன்ரோவில் எங்கள் ஸ்காபரோப் பக்கம் பகல் நித்திரை கொண்டால் வேலை போய்விட்டதோ என்று கேட்பார்கள். இங்கே வங்கிக்காரனும் நித்திரை, நாயும் நித்திரை. நான் மட்டும் மரூலாவின் குசினியைத் தேய்த்துக் கழுவினேன். மரூலா எட்டிப் பார்த்து, ஏதோ சொல்லி, மார்பில் சிலுவை போட்டுக்கொண்டு போனார். அது நன்றியோ பயமோ தெரியாது.

அன்று முழுக்க தேவனோடு என்ன கதைப்பது என்று யோசித்தேன். அவனுடைய முகம்கூட எனக்குச் சரியாக நினைவில்லை. லொட்ஜ் விறாந்தையில் எதிரே வந்தால் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு போனவள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி. அரிசியைக் கழுவிக் குக்கரில் போட்டு, கடைக்காரன் சொன்ன செருகியைக் கொழுவி, சுவரில் குத்தினேன். குக்கர் உறுமியது. கனடாவில் அது அப்படி உறுமியதில்லை. ஊக்கமாக வேலை செய்கிறது என்று சந்தோசப்பட்டுக்கொண்டு வெங்காயம் உரிக்கத் திரும்பினேன். பிளாஸ்டிக் மணம் வந்தது, பிறகு புகை, பிறகு படீர் என்று ஒரு சத்தம். என் அறை விளக்கு, மரூலாவின் குளிர்பெட்டி, மேல்மாடிப் பிரெஞ்சுக்காரியின் தலைமயிர் உலர்த்தி, எல்லாம் ஒன்றாக நின்றுபோயின. ஐரோப்பாவில் மின்சாரம் எங்களுடையதைப்போல இரண்டு மடங்கு வலு என்பதை அந்தப் பிரெஞ்சுக்காரிதான் படியில் நின்று எனக்கு விளங்கப்படுத்தினாள். செருகி துளையின் வடிவத்தைத்தான் மாற்றுமாம், மின்சாரத்தை மாற்றாதாம்.

மரூலா வந்தார். கருகிய குக்கரைப் பார்த்தார். உள்ளே ஊறிக்கிடந்த அரிசியைப் பார்த்தார். கிரேக்க மொழியில் என்னைக் கிழித்துக் காயப்போட்டார். மின்சாரக்காரன் பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகுதான் வருவான் என்று விரல்களால் காட்டினார். மின்னடுப்பும் செத்துவிட்டது. கோழி பச்சையாகக் கிடந்தது. நான் கதிரையில் இருந்து அழத் தொடங்கியதும் அவர் திட்டுவதை நிறுத்திவிட்டார். போய் ஒரு கோப்பையில் நான்கு அத்திப்பழம் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

பன்னிரண்டு மணிக்கு வெறுங்கையோடு கப்பல் துறைக்குப் போனேன். சாந்தி தொப்பி போட்டுக்கொண்டு நின்றாள். கொஞ்சம் குண்டாகியிருந்தாள். கட்டிப்பிடிக்கலாம் என்று ஓரடி வைத்தேன், அவள் அசையவில்லை. கண் மட்டும் பக்கத்தில் நின்றவரைக் காட்டியது. முன்பக்கம் வழுக்கை விழுந்த, வெயிலில் கறுத்த, அரைக்காற்சட்டை போட்ட ஒருவர். தேவன்.

"வாங்கோ அக்கா. கப்பல் ஆடின ஆட்டத்துக்குச் சத்தி எடுத்தனீங்களோ? நான் எடுத்தனான்" என்றார்.

"தம்பி, உங்களுக்குச் சமைச்சுத் தாறதுக்கெண்டு குசினியோட இடம் எடுத்தனான். குக்கர் எரிஞ்சு வீட்டு ஃபியூஸெல்லாம் போட்டுது. ஒண்டும் சமைக்கேல்லை" என்றேன். பிறகு அவசரமாக, "ஒரு கடைக்குப் போவமே?" என்றேன்.

"கடைக்கு ஏன்? நான் விடியவே சமைச்சு வைச்சிட்டுத்தான் வந்தனான். எங்கட இடத்துக்கு வாங்கோ."

சாந்தி என் முகத்தையே பார்த்தாள். அந்தப் பார்வையில்தான் என் திட்டத்தின் பிழை எனக்கு விளங்கியது. அவர்கள் என் வீட்டில் சாப்பிடுவது ஒரு பெரிய காரியமே இல்லை. ஊரில் எங்கள் முற்றத்தில் அவர்கள் ஆட்கள் எத்தனையோ தரம் சாப்பிட்டிருக்கிறார்கள். கை நனைக்க வேண்டியவள் நான். இதற்கு எட்டு வருடமும் ஒரு குக்கரும் தேவைப்பட்டன.

பஸ்ஸில் நெரிசல். நடத்துனர் எல்லோரையும் உள்ளே தள்ளிவிட்டுத் தான் கதவில் தொங்கிக்கொண்டு வந்தார். யாழ்ப்பாணத்து மினிபஸ்ஸில் ஏறியது போலிருந்தது. இறங்கிய இடத்தில் மூங்கில் புதர்களுக்கு நடுவில் வரிசையாகக் கூடாரங்கள். அதில் ஒரு பச்சைக் கூடாரத்தின் முன் தேவன் நின்று, "இதுதான் எங்கட மாளிகை" என்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "ஐயோ, அகதி முகாமில இருந்து தப்பி வந்து, பேந்து காசு குடுத்து முகாமில இருக்கிறியளே?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்தேன். தேவன் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஜெர்மன்காரரோட வேலை செய்து பழகின வியாதி அக்கா. இஞ்ச வந்து கிடந்தால்தான் எனக்கு நித்திரை வருது. அகதி முகாமில மாதிரி வெளிய போறதெண்டால் ஆரிட்டயும் பாஸ் கேக்கத் தேவையில்லை."

நிலத்தில் பாயை விரித்தார். சின்னக் காஸ் அடுப்பில் கறியைச் சூடாக்கினார். உருளைக்கிழங்குக் கறி, பொரித்த மீன், கடையில் வாங்கிய பாண். என் கோப்பையில் அவர் கறியைப் போட்டார். பாணைப் பிய்த்து, தொட்டு, வாயில் வைத்தேன். உறைப்பு அளவாக இருந்தது. கிழங்கு வெண்ணெய் மாதிரிக் கரைந்தது. நான் சமைத்திருந்தால் இப்படி வந்திராது, இதை என் கணவருக்குச் சொல்லப்போவதில்லை.

இரண்டாம் தரம் கறி கேட்டு வாங்கியபோது தேவன் சொன்னார்: "அம்மாவின்ர கைப்பக்குவம் அக்கா. உங்களுக்குத் தெரியும்தானே. கேர்ஃபியூ போட்ட அண்டைக்கு அவ தந்த சாப்பாட்டை நீங்கள் ரெண்டு பேரும் விரும்பிச் சாப்பிட்டனீங்களாம். கோப்பையையும் கழுவித் தந்தனீங்களாம். சாந்தியின்ர தமக்கை கோபக்காரி மாதிரித்தான் தெரியும், நல்ல பிள்ளை எண்டு சாகும்வரைக்கும் சொன்னவ. அதாலதான் நான் இவளிட்டச் சொல்லிக்கொண்டே இருந்தனான், அக்கா ஒருநாள் ஃபோன் எடுப்பா, எடுத்தால் கோபிக்காத எண்டு."

சாந்தி அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பொய்யை அவள் இத்தனை காலமும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். மாமியையும் காட்டிக்கொடுக்கவில்லை, என்னையும் காட்டிக்கொடுக்கவில்லை. முதலில் அவரோடு கதைக்கவேண்டும் என்று அவள் சொன்னது இதற்குத்தான். நான் "ஓம்" என்று ஒரு சொல் சொன்னால் போதும், நல்ல பிள்ளையாகவே இருந்துவிடலாம். அந்த ஆசை எனக்கு வந்தது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

"தம்பி, அம்மா உமக்குப் பொய் சொல்லியிருக்கிறா" என்றேன். "நான் சாப்பிடேல்லை. திறந்தும் பாக்கேல்லை. சாப்பிட்டிட்டம் எண்டு சொல்லித் திருப்பிக் குடுத்தனான். ஏன் எண்டு நான் உமக்குச் சொல்லத் தேவையில்லை. அவவிட்ட மன்னிப்புக் கேக்க எனக்கு இனி வழியில்லை. உம்மட்டக் கேக்கிறன்."

கூடாரத் துணி காற்றில் படபடவென்று அடித்தது. தேவன் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அப்ப அண்டைக்கு நீங்கள் ரெண்டு பேரும் என்ன சாப்பிட்டனீங்கள்?"

"ஒண்டுமில்லை. தண்ணி குடிச்சிட்டுப் படுத்தனாங்கள்."

அவர் எழுந்து தண்ணீர்க் குழாயடிக்குப் போனார். ஒரே ஒரு கரண்டியை நெடுநேரம் கழுவினார். அவருடைய முதுகை நானும் சாந்தியும் பார்த்துக்கொண்டிருந்தோம். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. "அம்மாவும் அதைச் சாப்பிட்டிருக்க மாட்டா. மனம் வந்திருக்காது" என்றார். "ஒரு கோப்பைச் சாப்பாட்டை வைச்சுக்கொண்டு மூண்டு பேர் பட்டினி கிடந்திருக்கிறியள்." பிறகு மிச்சக் கறி முழுவதையும் என் கோப்பையில் கவிழ்த்தார். "இதை மிச்சம் விடக்கூடாது" என்றார். நான் மிச்சம் விடவில்லை.

கை கழுவிவிட்டு வந்தபோது சாந்தி கூடாரத்துக்குள்ளிருந்து மடித்த காற்று மெத்தை ஒன்றை இழுத்துவந்து என் மடியில் போட்டாள்.

"அந்த ரூமில இருக்கிற பெட்டியைப் பேந்து போய் எடுத்துக்கொண்டு வருவம். நீ இஞ்ச படு" என்றாள். "பம்ப் உடைஞ்சு போச்சு. உனக்குத்தானே, நீயே ஊது."

ஊதினேன். நாற்பத்திரண்டு வயதில் மெத்தை ஊதுவது சும்மா வேலை இல்லை. பாதியில் அழுகை வந்தது, ஊதிய காற்றெல்லாம் வெளியே வந்தது. "அக்கா, காத்துப் போகுது" என்று சாந்தி என் வாயிலிருந்த குழாயைப் பறித்துத் தான் ஊதினாள். அவளுக்கு மூச்சு முட்டியதும் தேவனிடம் கொடுத்தாள். அவர் கன்னம் உப்ப ஊதினார், களைத்தார், சிரித்துக்கொண்டு குழாயின் வாயை விரலால் பொத்தி என்னிடம் நீட்டினார். துடைப்பதற்குத் தன் சட்டை நுனியை எடுத்தார். அவர் துடைக்கும் முன் நான் அதை வாங்கி வாயில் வைத்து ஊதத் தொடங்கினேன்.